செவ்விளநீர் நாற்றில் ஒரு பழுப்புக் காம்பு

தென்னம்பாளை மகரந்தத்துக்குப் பச்சை மாவு போல ஒரு வாசம் உண்டு... ஃபேன் போட்டால் தூள் பறந்துவிடும். அதனால் என் முதல் வேலை முழுக்க வியர்வையோடுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் ஏறி, மம்சாபுரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போய்வருவேன்.

தோப்பு முதலாளிக்கு ராஜபாளையத்தில் எண்ணெய் மில். எண்ணெய் சீக்கிரம் காறிப்போகிறது என்று முதலில் கொப்பரை காயவைப்பதைச் சரிசெய்தார். எண்ணெய் தெளிந்தது. பிறகு, பருப்பே கனமாக விளைய வேண்டும் என்று தேங்காயின் வம்சத்தையே மாற்ற இறங்கினார்.

வாய்க்கால் ஓரத்து நெட்டை மரம் ஒன்றில்தான் அப்படிப்பட்ட பருப்பு. அதன் மகரந்தத்தை எடுத்து, குட்டையான செவ்விளநீர் மரங்களில் தூவ வேண்டும். நெட்டையில் ஏறுவது முத்தையா அண்ணன். குட்டையில் ஏணி வைத்து, அதன் ஆண்பூக்களைக் கிள்ளிவிட்டுத் தூவுவது ஸ்டெல்லா அக்கா. மகரந்தத்தைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது நான்.

வேலை சூடுபிடிக்கும் முன்பே, ஒரு கோடை மழையில் நெட்டை மரத்தில் இடி விழுந்தது.

"ஒரு பாளை நல்லாத்தான் தெரியுது மொதலாளி. ஏறி எடுத்துட்டு வாரேன்" என்றார் முத்தையா அண்ணன்.

முதலாளி அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். "வேண்டாம்யா. கொண்டை கருகிருச்சு, ஒடிஞ்சு விழுந்துரும். மரம் போனாப் போகட்டும்."

ஃப்ரீசரில் ஒரே ஒரு குப்பி மகரந்தம் மிச்சம் இருந்தது. நிறைய பூவுக்கு வரட்டும் என்று டால்கம் பவுடர் கலந்து கொடுத்தேன். ஸ்டெல்லா அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு தூவினார்.

காய் முற்றி முளைக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. முளையின் காம்பு ஆரஞ்சாக இருந்தால் அது செவ்விளநீர் மட்டும்தான். பழுப்பாக இருந்தால் நெட்டையும் கலந்திருக்கிறது. முதலில் வந்ததெல்லாம் ஆரஞ்சு... முதலாளி வந்து பார்ப்பார், போய்விடுவார்.

ஒரு நாள் காலையில் நாற்றங்காலில் இருந்து அக்காவின் குரல்.

"ஏட்டி, இங்க வா. இது பழுப்புதான?"

குனிந்து பார்த்தேன். பழுப்புதான்.

முத்தையா அண்ணனைக் கூப்பிட்டோம். முதலாளிக்குப் போன் போட்டோம்; அவரும் வந்துவிட்டார். நாலு பேரும் அந்த முளையைச் சுற்றிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம்... யாருக்கும் எழுந்திருக்க மனசில்லை.

பிறகு இன்னும் சில பழுப்பு நாற்றுகள் வந்தன. அவை காய்த்தபோது நான் வேறு ஊரில். அக்காதான் போனில் சொன்னார்: "பருப்பு கனமாத்தான் இருக்கு, எண்ணெயும் நல்லா எறங்குது. ஆனா எல்லா மரமும் அப்படி இல்லட்டி."

இப்போது நான் ஒரு லேபில் இருக்கிறேன். நாற்றின் இலையில் கொஞ்சம் கிள்ளி அனுப்பினால் போதும்; கலப்பா இல்லையா என்று டிஎன்ஏ டெஸ்ட் சொல்லிவிடும். நிறத்தை நம்பி ஏமாற வேண்டியதில்லை. டெஸ்ட் எடுக்கும் பிரிவிலிருந்து ரிப்போர்ட் மெயிலில் வருகிறது. படிக்கிறேன், ஃபார்வர்ட் செய்கிறேன்...

யாரையும் கூப்பிட்டுக் காட்டுவதில்லை.