வலது சக்கரத்துப் பொட்டு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். விடுதியில் தங்கிப் பத்தாவது வரை படித்துவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பியபோது, எங்கள் வீட்டுக் கொட்டகையில் முதலாளியின் கார் நின்றது. அதை ஓட்டுவதும் பழுது பார்ப்பதும் நைனாவின் வேலை; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். காரோடு ஒரு இங்கிலீஷ் புத்தகமும் இருந்தது. நைனாவுக்கு எழுத்து தெரியாது. கார் தகராறு செய்தால் நான் அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் அவர் பக்கத்தில் உட்காருவேன். நான் படித்துச் சொல்வேன், அவர் செய்வார். என் தங்கை பின் சீட்டில் உட்காருவாள்.

அந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. காரணம் இருக்கிறது. நான் விடுதியில் இருந்த வருஷங்களில் அவள் நைனாவோடு இருந்தாள். பள்ளிக்கூடம் அனுப்பினால் இரண்டாம் நாளே அழுதுகொண்டு ஓடி வந்தவள். காரைக் கழுவுவாள், கேட்குமுன் ஸ்பேனரை நீட்டுவாள். நைனா வாசலில் கால் வைத்ததும் அவள் பேரைத்தான் கூப்பிடுவார். எனக்குப் படிப்பு கிடைத்தது, அவளுக்கு நைனா கிடைத்தார் என்று நினைப்பேன். நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு எரியும்.

ஆடி மாதம் பிறந்ததும் காரின் பின்னால் ஒரு சத்தம் வந்தது. கிளம்பும்போது ஒரு ‘டொக்’. வேகத்தைக் குறைத்தால் ஒரு ‘டொக்’. பின்னுக்கு எடுத்தால் சுத்தியலால் அடித்ததுபோல இன்னொன்று. ஆடிக் கிருத்திகைக்கு முதலாளியின் சம்பந்தி வீட்டார் வருவதாக இருந்தார்கள். அவர்களை ஸ்டேஷனிலிருந்து அழைத்துவர வேண்டும்.

முதலாளி எங்கள் வாசலில் நின்றே சொன்னார்: “சம்பந்தி முன்னாடி வண்டி இப்டி இடிச்சிகினு போனா என் மானம் இன்னாத்துக்கு ஆவும்? கிருத்திகைக்குள்ள சத்தம் நிக்கணும். நிக்கலன்னா சாவிய வெச்சுட்டுப் போயிடு. அரக்கோணத்துல ஒரு டிரைவர் காத்துகினு இருக்கான்.”

நைனா “ஆங், சரிங்க” என்று மட்டும் சொன்னார். ஒன்பது நாள் இருந்தது.

நான் புத்தகத்தைப் புரட்டினேன். பின் அச்சின் நடுவே இருக்கும் பல்சக்கரப் பெட்டியில் பல் தேய்ந்தால் இப்படிச் சத்தம் வரும் என்று போட்டிருந்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. “பெட்டியத் திறக்கணும் நைனா” என்றேன்.

“அது பெரிய வேலையாச்சே கண்ணு. ஒரு தபா சத்திரம் வரைக்கும் ஓட்டிப் பாத்துட்டுத் திறப்போம்.”

அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் என் தங்கை காருக்குச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைப்பாள். யுத்த காலம், தொலைந்த சாமானுக்கு மறுசாமான் கிடைக்காது. அதனால் பின் சக்கரங்களின் மூடிகளை நைனா கழற்றிப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். திறந்து கிடந்த அந்த இடத்தில், அச்சு முனையின் நட்டும் அதைச் சுற்றியுள்ள சக்கரக் குடமும் சேர்ந்து மறைய, அவள் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் மேலிருந்து கீழாகக் குங்குமக் கோடு இழுத்தாள்.

“பொட்டா அது? சுவத்துக்குப் பூசற மாதிரி பூசறியே” என்றேன்.

“வண்டிக்கு மூஞ்சி பெருசுக்கா, பொட்டும் பெருசாதான் இருக்கும்” என்றாள். நைனா வாய்விட்டுச் சிரித்தார். நான் சொன்ன எதற்கும் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

கனகம்மாசத்திரம் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் ‘டொக்’. நைனா கை கழுவப் போனார். தங்கை வலது சக்கரத்தின் அருகே குந்தியிருந்தாள்.

“அக்கா, இங்க வாயேன். இந்தப் பொட்டு ரெண்டாப் போயிருக்குது பாரு. அந்தப் பக்கத்துப் பொட்டு அப்டியே கீது.”

“சந்தனம் காஞ்சா வெடிக்கத்தான் செய்யும்.”

“வெடிப்பு இல்லக்கா. வெலகிக்கினு கீது.”

குனிந்து பார்த்தேன். நட்டின்மேல் இருந்த கோடும் குடத்தின்மேல் இருந்த கோடும் ஒன்றையொன்று ஒரு நெல்மணி அளவு தப்பி நின்றன. அது வெடிப்பு இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். நட்டு அச்சோடு சுற்றுவது, குடம் சக்கரத்தோடு சுற்றுவது. இரண்டும் ஒன்றாகச் சுற்றினால் கோடு விலகாது. ஆனால் கண்டுபிடித்தவள் அவள். நைனா இதைப் பார்த்தால் புத்தகத்தை யார் கேட்பார்கள்?

அவள் எழுந்து உள்ளே போனதும் என் முந்தானையால் அந்தப் பொட்டைத் துடைத்துவிட்டேன்.

மறுநாள் என் பேச்சை நம்பி நைனா பெட்டியைத் திறந்தார். நான்கு நாள் மண்ணில் படுத்துக் கிடந்தார். ஒவ்வொரு பல்லையும் மண்ணெண்ணெயில் கழுவி விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் தேயவில்லை. திரும்பப் பூட்டிக் கிளப்பினார். ‘டொக்’.

அவர் எஞ்சினை நிறுத்தினார். பிறகு மெதுவாக, “புத்தகத்துல வேற எதனா போட்டுக்கீதா கண்ணு?” என்றார்.

முன்பு விட்ட இடத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அங்கேயே இருந்தது. அச்சையும் குடத்தையும் இறுக்கும் ஆப்பு தேய்ந்தாலும் இதே சத்தம் வருமாம். நட்டிலிருந்து குடத்துக்குச் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டுமாம், கோடு விலகினால் ஆப்பில்தான் பழுதாம். என் சொந்தக் கண்டுபிடிப்புபோல உரக்கப் படித்துச் சொன்னேன்.

“கோடா?” என்றாள் கொட்டகை வாசலில் நின்ற தங்கை. “வெள்ளிக்கெழம பொட்டு வெலகிச்சே நைனா! வலது சக்கரம். அக்காவாண்ட கூட காட்டினேனே.”

நைனா என் பக்கம் திரும்பினார். “காட்டினாளா?”

“ஆங்” என்றேன்.

“அப்போ நாலு நாளு நான் இன்னாத்துக்கு மண்ணுல பொரண்டேன்?”

தங்கைதான் சொன்னாள்: “அக்கா சரியா பாத்திருக்காது நைனா. அப்புறம் பொட்டும் எப்டியோ அழிஞ்சி போச்சு.” சொல்லும்போது என் முந்தானையைப் பார்த்தாள். மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. அவள் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

வலது சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்ளே இருந்த ஆப்பு ஒரு பக்கம் தேய்ந்து வளைந்திருந்தது. புதிது கிடைக்காது. கொல்லர் பட்டறையில் பழைய அரத்தைக் காய்ச்சி ஆப்பாக அடித்து வாங்கிவந்தார் நைனா. ஒரு பகல் முழுக்க அவர் அதை அளவுக்கு ராவித் தேய்த்தார், அவள் பிடித்துக் கொடுத்தாள். ஆப்பை அடித்து, ஸ்பேனரில் குழாயைச் செருகி இருவரும் தொங்கி நட்டை முறுக்கினார்கள். நான் புத்தகத்தோடு நின்றேன். யாரும் அதைக் கேட்கவில்லை.

கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் அவள் புதுப் பொட்டு வைத்தாள். சத்திரம் வரை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் முன் கதவைத் திறந்தேன்.

“நீ பின்னால உக்காரு கண்ணு” என்றார் நைனா. “சக்கரத்துக்கு மேல உக்காந்து கேட்டுக்கினு வா. சின்னவ முன்னால வரட்டும்.”

வழி முழுவதும் காவடிக்காரர்கள் எதிரே வந்தார்கள். நைனா நிறுத்தி நிறுத்திக் கிளப்பினார். ஒவ்வொரு முறையும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்தச் சத்தம் வந்தால் நைனாவின் வேலை போய்விடும் என்று தெரிந்தும், ஒரே ஒரு ‘டொக்’ வராதா என்று ஏங்கினேன்.

சத்திரத்தில் காரை நிறுத்தினார். தங்கை இறங்கி ஓடினாள். நைனா திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

“வருதா?”

வெளியே போன ஒரு காவடியைக் கண்ணால் தொடர்ந்தேன். ஸ்டியரிங்கின்மேல் அவர் விரல்கள் இறுகுவது தெரிந்தது.

“வரல நைனா.”

“நல்லாக் கேட்டியா?”

“நல்லாக் கேட்டேன். ஒரு தபா கூட வரல.”

வெளியே அவள் கத்தினாள்: “நைனா, பொட்டு அப்டியே கீது!”

அவர் கதவைத் திறந்துகொண்டு அவளிடம் போனார்.