நாலு சிவப்பு, இருபது பச்சை: ஒரு டார்ட்டன் தறிக்கூடத்தில்

ஒரு துணியைப் பார்த்தவுடன் வடிவாக இருக்கிறது என்று சொல்ல முடியாத தொழில் என்னுடையது; கை முதலில் பூதக்கண்ணாடியைத்தான் தேடும்.

மெல்பேர்னில், கிரான்பர்ன் பக்கம், ஒரு சிறிய தறிக்கூடத்தில் ஆறு வருடமாக இருக்கிறேன். ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் கட்டுகிறார்களே, கில்ட், அதற்கான கட்டம் போட்ட கம்பளித் துணிதான் டார்ட்டன். எந்த நிறத்தில் எத்தனை நூல், எந்த வரிசையில் என்று எழுதி வைத்துவிட்டால் யாரும் அதையே திரும்ப நெய்யலாம். அந்தக் கணக்கை எழுதுவது என் வேலை. தையல்காரர் போலக் கண்ணைக் கசக்கிப் பிழைப்பவர்களுக்குச் சொன்னால் விளங்கும்.

போகும் வழி

முதல் வாரம் முதலாளி ஃபியோனா ஒரு பழைய கில்ட்டைத் தந்து கணக்கெடுக்கச் சொன்னார். ஊசியால் நூலைத் தள்ளித் தள்ளி இரண்டு நாள் குனிந்திருந்தேன். நாலு சிவப்பு, இருபது பச்சை, எட்டு நீலம் என்று ஒன்றரைப் பக்கம் நிரப்பிப் பெருமையோடு நீட்டினேன். அவர் நடுவில் கோடு போட்டுப் பாதியை வெட்டிவிட்டார். இந்தக் கட்டம் ஒரு பட்டையில் தொடங்கி இன்னொரு பட்டை வரை போய், அங்கிருந்து அதே வரிசையில் தலைகீழாகத் திரும்புமாம். என் இரண்டாவது நாள் முழுக்க வீண். முகத்தைப் பார்த்திருப்பார் போல, மெதுவாகச் சொன்னார்: “போகும் வழியை மட்டும் எழுது. திரும்பி வரத் துணிக்குத் தெரியும்.”

ரயிலில்

இந்த வியாதி வேலையோடு நிற்காது. ஒருநாள் கிரான்பர்ன் ரயிலில் எதிரே இருந்தவரின் கட்டச் சட்டையை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். உதடு வேறு அசைந்திருக்கிறது. ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். பொக்கற்றில் உள்ள கட்டம் சட்டையோடு பொருந்தாமல் அரை விரல் தள்ளி நிற்கிறது என்று உண்மையைச் சொன்னேன். குனிந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். “காலையில் மனைவியும் ஏதோ சரியில்லை என்றுதான் சொன்னாள்.”

மூன்று கொடுத்தால் ஆறு

சிட்னி பென்டில் ஹில்லில் இருந்து ஒரு அன்ரி மகளோடு வந்தார். மாப்பிள்ளை ஸ்கொட்லாந்து வழி. கலியாணத்துக்குக் கில்ட் கட்டப் போகிறாராம். அது குங்குமச் சிவப்பு, மஞ்சள், மாவிலைப் பச்சை மூன்றில் மட்டும் இருக்கவேண்டும், வேறொன்றும் கலக்கக் கூடாது என்று சொல்லிப் போனார்.

மாதிரித் துண்டைக் காட்டிய அன்று அவர் முகம் சுருங்கிவிட்டது. நெடுக்கே ஓடும் வரிசைதான் குறுக்கேயும் ஓடும். சிவப்பு சிவப்பைச் சந்தித்தால் சிவப்பு, பச்சையைச் சந்தித்தால் மண்ணிறம்; இப்படி மூன்று நிறத்தோடு மூன்று கலப்பு நிறமும் வந்துவிடும். இதை நான் விளக்கி முடிப்பதற்குள், ஆறு நிறமும் தனக்குப் பிடித்திருக்கிறது என்று மகள் இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அன்ரி துணியைத் தடவியபடி என்னைத்தான் கேட்டார்: “நான் மூண்டு நிறம்தானே தம்பி தந்தனான், மற்ற மூண்டும் ஆரைக் கேட்டு வந்தது?”

ஆறு வெள்ளை

ஜோர்ஜ் எண்பதை நெருங்கியவர். காலமான மனைவி தன் கையால் நெய்த ஸ்கார்ஃப் நைந்துபோக, அதே போல இன்னொன்று கேட்டு வந்தார். எண்ணிப் பார்த்தேன். குறுக்கு நூலில் ஒரே ஓரிடத்தில் மட்டும் நாலு வெள்ளைக்குப் பதில் ஆறு. கைப்பிழை என்று நினைத்து நாலாகவே நெய்து கொடுத்தேன்.

அவர் அதை மேசையில் விரித்து விரலால் தடவிக்கொண்டு போனார். பாதியில் நின்று, திரும்ப முதலில் இருந்து தடவினார். எதைத் தேடுகிறார் என்று விளங்கியது. நான்தான் திருத்தினேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் புதியதை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

ஆறு வெள்ளையோடு திரும்ப நெய்து கொடுத்தபோது, விரல் அந்த இடத்தில் போய் நின்றது. அப்போதுதான் சிரித்தார். “இந்த இடத்தை நெய்யும்போதுதான் நான் அவளைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டேன். எண்ணிக்கை தப்பிவிட்டதென்று நன்றாக ஏசினாள்.”

இந்த ஆறு வருடத்தில் என் மூக்குக்கண்ணாடியின் பவர் இரண்டு தரம் கூடியிருக்கிறது, நான் எண்ணியது சரி என்று ஒத்துக்கொள்பவர்கள்தான் இன்னும் கூடவில்லை.