விக்டோரியா ரயிலில் ஒரு சீஸ் பொட்டலம்

2004 மார்ச், வெள்ளிக்கிழமை. லண்டன் விக்டோரியாவில் ரயில் ஏறி இருபது நிமிடத்தில் நோர்பரியில் இறங்கினேன். யோகம் அக்காவின் வீட்டு மணியை அழுத்தியபோது காலை பத்தரை. அவர் என் அண்ணியின் மூத்த சகோதரி, யாழ்ப்பாணத்துக்காரர், லண்டனுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. கதவைத் திறந்தவர் வாங்கோ என்று சொல்வதற்கு முன்பே என் கோட்டைக் கழற்றச் சொன்னார். அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய், ஓர் அறைக்குள் மாட்டி, கதவைச் சாத்திவிட்டு வந்த பிறகுதான் "பிரயாணம் எப்பிடித் தங்கச்சி?" என்றார். கோலாலம்பூரிலிருந்து பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்தவளுக்கு இது என்ன வரவேற்பு என்று எனக்குச் சுருக்கென்றது.

சமையலறை கடையில் வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது. அங்கே தேநீர்க் கேத்தலின் தண்ணீரைத் தவிர எதுவும் கொதிப்பதில்லை என்பது மத்தியானம் தெரிந்தது. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அக்கா குடையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக் கோடியில் இருந்த மரக் கொட்டிலுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, ஒரு கையில் குடையும் மறு கையில் மூடிய சட்டியுமாகத் திரும்பி வந்தார். சட்டியில் ஆட்டிறைச்சிக் கறி.

"வீட்டுக்குள்ள இவ்வளவு பெரிய அடுப்பு இருக்கு, ஏன்க்கா மழையில போய் சமைக்கிறீங்க?"

"உள்ளை தாளிச்சா மணம் கோட்டுகளிலை ஏறிப்போடும். நித்தியா வேலைக்குப் போறவளெல்லே."

நித்தியா அவருடைய ஒரே மகள். ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் சேர்ந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"வாயாலை ஒண்டும் சொல்லேல்லை. ஒபிசிலை இவள் கோட்டைக் கொளுவினவுடனை ஒருத்தி எழும்பிப்போய் ஜன்னலைத் திறந்து விடுவாளாம். அதுக்குப் பிறகு நான் கொட்டிலுக்கு மாறிட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன், மூன்று முறையும் அந்த முகம் தெரியாத பெண்ணைத் திட்டினேன். மாலையில் வந்த நித்தியா, "இட்ஸ் ஃபைன் மாமி, விடுங்கோ," என்று தோளைக் குலுக்கினாள். அவள் அப்படி லேசாகச் சொன்னது என் கோபத்தை இன்னும் கூட்டியது.

அந்த வாரம் அரண்மனை, அருங்காட்சியகம் எல்லாம் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அடுத்த சனிக்கிழமை போன சந்தையைப் பற்றி.

லண்டன் பாலத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதைக்குக் கீழே அந்தச் சந்தை. எத்தியோப்பியப் பெண் ஒருத்தி புளித்த மாவில் சுட்ட பஞ்சு போன்ற அப்பத்தின் மேல் பருப்பை ஊற்றிக் கொடுத்தாள். நம் தோசைக்கு அது தூரத்து உறவு. துருக்கிக்காரம்மா மெல்லிய கோலால் மாவை உருட்டி, கீரை வைத்து மடித்துச் சுட்டார். ஸ்பெயின்காரரின் சிவப்புத் தொத்திறைச்சிப் புகை கூரை வரை போயிற்று. வெள்ளைக்காரர்கள் விலையுயர்ந்த கோட்டுகளோடு அந்தப் புகைக்குள் வரிசையில் நின்றார்கள். யாரும் கோட்டைக் கழற்றிக்கொண்டு மாடிக்கு ஓடவில்லை. வாய் ருசித்தது, வயிறு எரிந்தது.

கடைசியாக ஒரு சீஸ் கடை. ஒரு வாரம் துவைக்காத காலுறையின் வாடை. நாற்றம் கூடக் கூடத் தரம் உயர்வு என்று கடைக்காரர் விளக்கினார். முன்னால் நின்றவர்கள் கண்ணை மூடி முகர்ந்து தலையாட்டினார்கள். இருப்பதிலேயே மோசமாக நாறியதில் கால் கிலோ, ஐந்து பவுண்டுக்கு வாங்கினேன்.

மாலை நான்கரை மணிக்கு விக்டோரியாவில் ரயில் ஏறினேன். பெட்டி கதகதப்பாக இருந்ததால் பொட்டலம் தன் வேலையைக் காட்டியது. எதிரே இருந்த வெள்ளைக்கார அம்மாள் முதலில் என்னைப் பார்த்தார், பிறகு என் பையைப் பார்த்தார், பிறகு கழுத்துத் துணியை மூக்குக்கு இழுத்துக்கொண்டார். கடைசியில் எழுந்து மேல் ஜன்னலைத் திறந்தார். குளிர்காற்று என் முகத்தில் அடித்தது. நித்தியா தினமும் வாங்குகிற காற்று இதுதான் என்று நினைத்தேன். பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்து, காகிதத்தைப் பிரித்து, பிரெஞ்சு சீஸ் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அடடா, அருமையான சீஸ் ஆயிற்றே! எங்கே வாங்கினீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கடைக்கு வழி சொன்னேன். குளிர்கிறது, ஜன்னலை மூட முடியுமா என்றும் கேட்டேன். மன்னிப்புக் கேட்டு மூடினார். நாற்றம் அதே நாற்றம்தான், கூடியதே தவிரக் குறையவில்லை.

மலேசியாவில், எங்கள் ஈப்போவில், ஹோட்டல் வாசலில் ஊரையே நாறடிக்கும் டுரியான் பழத்தின் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டுப் பலகை மாட்டியிருப்பார்கள். அது சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லோருக்கும் பொது. பழத்தைத்தான் வெளியே வைப்பார்கள், ஆளை முகர்ந்து பார்ப்பதில்லை.

அக்காவிடம் பொட்டலத்தைக் காட்டி நடந்ததைச் சொன்னேன். முகர்ந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நித்தியாவின்ரை ஒபிசிலையும் இதைச் சாப்பிடுவினமோ?" என்றார்.

ஞாயிறு, புறப்படும் நாள். காலை எட்டு மணி. என் கோட்டை நானே மாடியிலிருந்து கொண்டுவந்து சமையலறைக் கதவில் மாட்டினேன். "இன்னைக்கு இந்த அடுப்புலதான் கத்தரிக்காய் பொரிக்கணும், இல்லேன்னா நான் சாப்பிடமாட்டேன்," என்றேன். அக்கா என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம், பொரிப்பம். ஆர் என்ன சொல்லுறது."

சட்டியை வைத்தார், எண்ணெய் ஊற்றினார், அடுப்பைப் பற்றவைத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். எண்ணெய் காய்ந்து வந்தபோது சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறையை விட்டுப் போனார். நித்தியாவின் கறுப்புக் கோட் முன்வாசல் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அதை அவர் மாடிக்கு எடுத்துப்போவதும் அறைக் கதவு சாத்தப்படுவதும் கேட்டது. இறங்கி வந்தவர் அடுப்பை மறுபடி பற்றவைத்தார்.

"நாளைக்குத் திங்கட்கிழமையெல்லே," என்றார்.