எதிர்க்காற்றில் ஆறு கிலோமீட்டர்

நான் ஒரு பொய் சொன்னேன். பிள்ளை வளர்க்கிற எல்லோரும் சொல்கிற வகைப் பொய்தான். "நானெல்லாம் தினமும் ஆறு கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு ஸ்கூலுக்குப் போனேன், தெரியுமா?" என்று என் மகளிடம் அவளுடைய ஆறாவது வயதில் முதன்முதலாகச் சொன்னேன். அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் எங்கள் வீட்டிலிருந்து நாலே வீடு தள்ளி ஸ்கூல் பஸ் வந்து நிற்கும். அந்த நாலு வீட்டை நடக்க முடியாதென்று அன்றைக்கு ஒரே அழுகை. எனக்கோ ஆபீஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எரிச்சலில் வாயில் சைக்கிள் வந்துவிட்டது. அழுகை டக்கென்று நின்றது. அடடே, நல்ல மருந்தாக இருக்கிறதே என்று அன்று முதல் அதையே எடுத்து எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தேன்.

அவள் வளர வளர சைக்கிளும் வளர்ந்தது. ஹோம்வொர்க் ஜாஸ்தி என்றால் ஆடி மாதத்து எதிர்க்காற்று வந்தது. பியானோ கிளாஸ் போர் என்றால் செயின் கழன்றது. ஒரு தடவை, எதற்கென்று நினைவில்லை, பாம்புகூடக் குறுக்கே வந்தது. ஆனால் அந்த ஆறு கிலோமீட்டரை மட்டும் நான் கூட்டவே இல்லை. பொய்யிலும் ஒரு ஒழுங்கு வேண்டும் அல்லவா?

உண்மை என்னவென்றால், கோபி டவுனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலிருந்து நான் ஆட்டோவில்தான் பள்ளிக்கூடம் போனேன். ஒன்பது பிள்ளைகள். எனக்கு டிரைவருக்குப் பின்னால் உட்கார ஒரு பலகை. சைக்கிள் ஓட்டிப் பார்த்தது வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். நேராகப் போய் எருக்குழியில் விழுந்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இது என் கணவருக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில், ஆசையாகப் பேசிக்கொண்டிருந்த ஒரு நாளில் உளறித் தொலைத்துவிட்டேன். மகளுக்கு டிரைவ்வேயில் சைக்கிள் கற்றுக்கொடுத்தது அவர்தான். நான் கராஜ் வாசலில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நேரா பாரு! கீழ பாக்காத, நேரா பாரு!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

போன கோடையில் மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அடுத்த வருஷம் காலேஜ். அவள் என்னோடு பேசுவதெல்லாம் மூன்றே வார்த்தை: ஓகே, ஃபைன், நத்திங். ஸ்கூல் எப்படி இருந்தது என்றால் ஃபைன். ஏன் முகம் வாடியிருக்கிறது என்றால் நத்திங். இந்த வயசு அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படியே நம்பிக்கொண்டேன்.

அப்படிப்பட்டவள் ஒரு சனிக்கிழமை நான் இட்லிக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது லேப்டாப்போடு வந்து நின்றாள். "அம்மா, ஆகஸ்ட்ல ஒரு வீக்கெண்ட் நீ ஃப்ரீயா?"

கிரைண்டரை நிறுத்தினேன். "எதுக்குடி?"

"மவுண்டன் பைக்கிங். வெர்மான்ட்ல. ஜஸ்ட் யூ அண்ட் மீ."

அவள் திரையில் காட்டிய மலை ஊரை எனக்குத் தெரியும். ஒரு குளிர்காலத்தில் மூவரும் போயிருந்தோம். அவர்கள் இருவரும் பனியில் சறுக்க, நான் உள்ளே உட்கார்ந்து ஹாட் சாக்லேட் குடித்தேன். பனியே இல்லாத ஸ்கி ஊரில் ஆகஸ்டில் என்ன இருக்கும் என்று கேட்டேன். சறுக்குகிறவர்களை மேலே கொண்டுபோகும் அதே கம்பி லிஃப்டில் சைக்கிளை மாட்டிவிடுவார்களாம், நாமும் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதாம், உச்சியிலிருந்து உருண்டு வர வேண்டியதாம். "ஏறவே வேணாம்மா. இறங்கினா போதும். உனக்கு இதெல்லாம் ஈஸி. யூ டிட் சிக்ஸ் கிலோமீட்டர்ஸ் எவ்ரி டே!"

மூன்று வார்த்தைக்கு மேல் பேசுகிறாள். என்னோடு மட்டும் போக வேண்டும் என்கிறாள். இந்த இடத்தில் எந்தத் தாய் மாட்டேன் என்பாள்? "ஓ, தாராளமா போலாம்" என்றேன்.

மறுநாளே, இருவரும் திறந்து திருத்தக்கூடிய ஒரு பட்டியல் ஆன்லைனில் தயார். என் மகள் அல்லவா, ஆபீஸில் நான் போடுகிற பிளானெல்லாம் அதன் பக்கத்தில் பிச்சை வாங்க வேண்டும். கார் பயணத்துக்கு ஒரு பக்கம், தங்குவதற்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று, ஹெல்மெட், முட்டிக்கவசம் வாடகைக்கு ஒன்று. கடைசிப் பக்கத்தில் மலைப்பாதைகள். பச்சை என்றால் சுலபம், நீலம் என்றால் நடுத்தரம், கறுப்பு என்றால் எலும்பு முறிவதில் ஆட்சேபம் இல்லாதவர்களுக்கு. எங்கள் இருவர் பெயரையும் நீலத்தில் போட்டிருந்தாள்.

"பச்சையே போதாதா கண்ணு?"

"அது ஓட்டத் தெரியாதவங்களுக்கும்மா."

எனக்கு ஓட்டத் தெரியாததைப் பற்றி யோசிக்காமலிருக்க மற்ற எல்லாவற்றையும் யோசித்தேன். சமையலறை உள்ள இடமாகத்தான் புக் பண்ண வேண்டும் என்று அடம் பிடித்தேன். நம் ஊர்க் கடைகள் இருக்கும் ஐசலினுக்குப் போய் முறுக்கு, தட்டை, ஊறுகாய் எல்லாம் வாங்கிவந்தேன். கூலரில் மாவு, தயிர், புளிக்காய்ச்சல், சின்ன ரைஸ் குக்கர் என்று சாப்பாட்டுப் பக்கத்தில் வரிசையாக ஏற்றினேன். அவள் ரைஸ் குக்கரை அழிப்பாள். நான் திரும்பச் சேர்ப்பேன்.

என் கணவருக்கு அந்த வாரம் ஆபீஸில் சாஃப்ட்வேர் ரிலீஸ் என்பதால் அவர் வரவில்லை. ஆனால் சிரித்துச் சிரித்தே ஓய்ந்துபோனார். "கவலப்படாத. வெர்மான்ட்ல எதிர்க்காத்து இருக்காது."

"ஏனுங்க, சிரிச்சது போதும். எனக்குச் சொல்லிக் குடுங்க."

வார இறுதிகளில் மகள் பதினொரு மணிக்கு முன்னால் எழுந்த சரித்திரம் கிடையாது. அதனால் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு, அவள் முன்பு படித்த மிடில் ஸ்கூலின் பார்க்கிங் லாட்டுக்குப் போனோம். அவர் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடிவர, நாற்பத்தேழு வயதில் நான் "விட்றாதீங்க, விட்றாதீங்க" என்று அலறிக்கொண்டே மிதித்தேன். அவர் விட்டார். நான் விழுந்தேன். இப்படியே மூன்று ஞாயிறு. நேராகப் போக வந்துவிட்டது. திரும்பத்தான் வரவில்லை. முழங்காலுக்குக் கீழே இருந்த காயத்தை மகள் பார்த்துவிட்டுக் கேட்டபோது, டிஷ்வாஷர் கதவில் இடித்துக்கொண்டேன் என்றேன். ஒரு பொய் குட்டி போட்டது.

எப்படியும் சமாளித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஒரு நாள் ரைஸ் குக்கர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அவள் எனக்குப் பகிர்ந்திருந்த போல்டரைத் திறந்தேன். அதில் இன்னொரு ஃபைல் இருந்தது. பயணத்துக்கானது என்று நினைத்துத் திறந்தால், காலேஜ் விண்ணப்பத்துக்கு அவள் எழுதிக்கொண்டிருந்த கட்டுரை.

முழுக்க என் சைக்கிள். ஆடிக்காற்று இருந்தது, கழன்ற செயின் இருந்தது, பாம்பு இருந்தது. கஷ்டம் வரும்போதெல்லாம் எதிர்க்காற்றில் குனிந்து மிதிக்கும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வேன் என்று எழுதியிருந்தாள். கடைசியில் ஒரு குறிப்பு: மலையில் அம்மாவும் நானும், திரும்பி வந்து எழுத வேண்டும்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அழுகையும் வந்தது. இவ்வளவு அழகாக என்னைப் பற்றி யாரும் எழுதியதில்லை. அதில் ஒரு வரிகூட நான் இல்லை.

"பேசாம இரு. யாரு கோபிக்கு வந்து செக் பண்ணப் போறாங்க?" என்றார் கணவர்.

யாரும் வர மாட்டார்கள்தான். ஆனால் இதெல்லாம் உண்மை என்று கீழே கையெழுத்துப் போடப்போவது என் பிள்ளை. என் பொய்யை அவள் தன் பெயரில் அனுப்பப் போகிறாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, அம்மாவுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

சிரித்தாள். "வெரி ஃபன்னி."

"நிஜமாத்தான். ஸ்கூலுக்கு நான் ஆட்டோவுலதான் போனேன்."

என் முகத்தையே பார்த்தாள். "அப்போ காத்து?"

"காத்து அடிச்சுது. நான் ஆட்டோவுக்குள்ள இருந்தேன்."

"பாம்பு?"

"பாம்பும் இல்ல."

இந்த இடத்தில் இருவரும் சிரித்துவிடுவோம் என்று நான் கொஞ்சம் நம்பினேன். அவள் சிரிக்கவில்லை. லேப்டாப்பை மூடினாள். பிறகு அவள் இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "நான் உன்கிட்ட எதையும் சொல்லாம விட்டதே அந்த சைக்கிளாலதான். என்ன சொல்ல வந்தாலும் நீ அதை எடுத்துட்டு வந்துடுவ. எய்த் கிரேடுல ஒரு வருஷம் முழுக்க பஸ்ல என் பக்கத்துல யாருமே உக்காரல. அதைச் சொல்லத்தான் ஒரு நாள் கிச்சனுக்கு வந்தேன். பஸ்னு ஆரம்பிச்சதுமே, உனக்கு பஸ்ஸாவது இருக்கேன்னு சொன்ன. அதுக்கப்புறம் நான் சொல்லல."

எனக்கு அந்த நாள் ஞாபகமே இல்லை. அப்படித்தான் சொன்னேன், மடச்சி மாதிரி. "எனக்கு ஞாபகம் இல்லையே கண்ணு."

"ஐ நோ" என்று எழுந்து மாடிக்குப் போனாள். கதவை அறைந்து சாத்தியிருந்தால்கூடத் தேவலை. மெதுவாகச் சாத்தினாள்.

நாலு நாள் பேச்சே இல்லை. நான் ஆபீஸ் மீட்டிங்குக்கு நடுவில் அந்தப் பயணப் பட்டியலைத் திறந்து திறந்து பார்த்தேன். எதையும் அழித்திருக்கவில்லை. ரைஸ் குக்கர்கூட இருந்தது. அவளுக்கு அதை அழிக்கக்கூட மனசு இல்லை போலிருக்கிறது.

ஞாயிறு காலை நானும் அவரும் கராஜிலிருந்து சைக்கிளை எடுத்தோம். எனக்குப் போகவே பிடிக்கவில்லை. அவர்தான் வா வா என்று கிளப்பினார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நைட் பேண்டும் கலைந்த தலையுமாக அவள். நேராக வந்து காரில் ஏறி உட்கார்ந்தாள்.

பார்க்கிங் லாட்டின் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். நான் மிதித்தேன், திரும்பினேன், புல்லில் விழுந்தேன். அவள் நடந்து வந்தாள்.

"அப்பா, சீட்டைப் பிடிக்காதீங்க. அதனாலதான் அம்மாவுக்கு வரல." சீட்டை என் கால் இரண்டும் தரையில் படும் அளவுக்கு இறக்கினாள். "பெடல் வேணாம். காலால தள்ளிக்கிட்டே போ."

தத்தித் தத்திப் போனேன். குனிந்து சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போயிருப்பேன் போல. பின்னாலிருந்து சத்தம் வந்தது: "நேரா பாரும்மா! கீழ பாக்காத, நேரா பாரு!"

அன்று சாயங்காலம் பட்டியலைத் திறந்தேன். மலைப்பாதைப் பக்கத்தில் இரண்டு பெயரும் பச்சைக்கு மாறியிருந்தன. என் பெயருக்குப் பக்கத்தில், முதல் தடவை என்று போட்டிருந்தாள். கட்டுரை ஃபைலைக் காணோம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

மலையில் என்ன ஆனது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு முறை விழுந்தேன், ஒரு முறை மரத்தைக் கட்டிப்பிடித்தேன், பச்சைப் பாதையில் எட்டு வயதுப் பிள்ளைகள் "ஆன் யுவர் லெஃப்ட்" என்று கத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போயின. ரைஸ் குக்கர் இல்லாவிட்டால் அந்த ஊரில் சனிக்கிழமை ராத்திரி பட்டினிதான் என்பதை அவளே ஒப்புக்கொண்டாள். ஆனால் எனக்கு மனதில் நிற்பது அங்கே போகும்போது காரில் நடந்ததுதான்.

கிளம்பிய அரை மணி நேரத்தில் அவள் ஆரம்பித்தாள். ஏசி சரியில்லை. போன வருஷம் கால்குலஸ் டீச்சருக்கு எதுவுமே விளங்கச் சொல்லத் தெரியவில்லை. ஸ்கூல் பேக் தோளை அறுத்தது. சிநேகிதி ஒருத்தி இவளை விட்டுவிட்டு மற்றவர்களோடு கடற்கரைக்குப் போய் போட்டோ போட்டிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் எனக்கு நாக்கு அரித்தது. பத்து வருஷப் பழக்கம், சும்மாவா? ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன்.

மாசசூசெட்ஸ் தாண்டும்போது அந்த எய்த் கிரேடு பஸ்ஸுக்கு வந்தாள். ஆரம்பித்துவிட்டு, நடுவில் நிறுத்தி என் பக்கம் பார்த்தாள். சைக்கிள் வருகிறதா என்று பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"எந்த சீட்டுல உக்காருவ?" என்று கேட்டேன்.

"டிரைவருக்குப் பின்னாடி. தனியா."

நானும் அங்கேதான் உட்கார்ந்தேன் கண்ணு, ஆறு வருஷம், என்று வாய் வரை வந்துவிட்டது. அது சத்தியமான உண்மையும்கூட. அப்படியே விழுங்கினேன்.

"அப்புறம்?" என்றேன்.