வெள்ளை மூடி

ஆஸ்பத்திரிச் சமையலறையில் என் அண்ணிக்குப் பெயர் கறார் அக்கா. அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். முதுகுக்குப் பின்னால் பேசுவது எனக்குப் பிடிக்காது, அதனால் முகத்துக்கு நேராகவே வைத்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு கேரட் நறுக்கப் போய்விட்டார்.

அண்ணி அங்கே சமையல். நான் அவர் சமைத்ததை வண்டியில் ஏற்றி வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போகிறவள். கல்யாணம் சரிப்படாமல் நான் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தபோது, முகம் சுளிக்காமல் பாயை விரித்துப் போட்டவரும், இந்த வேலையைச் சொல்லி வாங்கிக் கொடுத்தவரும் அண்ணிதான். காலையில் இருவரும் சேர்ந்தே நடப்போம். ஆஸ்பத்திரிக்கு முன்னால் ஒரு அகலமான சாலை. நாங்கள் வருகிற நேரத்தில் அதில் ஈ, காக்கை இருக்காது. ஆனால் சிக்னலில் சிவப்பு மனிதன் நின்றுகொண்டிருப்பான். அவனைப் பார்த்ததும் அண்ணியும் நின்றுவிடுவார்.

"அண்ணி, நாய்கூட கடந்து போயிடுச்சு."

"அது நாய். எனக்கென்ன?"

"வேலைக்கு லேட்டாகுது."

"அப்ப நாளைக்குச் சீக்கிரம் கிளம்பு."

நான் விடுவிடுவென்று கடந்துபோய் எதிர்ப்பக்கம் நின்று முறைப்பேன். பச்சை விழுந்த பிறகு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, ஏதோ ஊர்வலத்தில் வருகிறவர் மாதிரி நிதானமாக வருவார். என் கட்சி எப்போதும் ஒன்றுதான். காலுக்காகத்தான் செருப்பு, செருப்புக்குத் தகுந்தமாதிரி காலை வெட்டிக்கொள்ள முடியாது. அண்ணியிடம் இதைச் சொன்னால், "செருப்பு இல்லாம நடந்து பாரு, அப்பத் தெரியும்" என்பார். அவரோடு பேசி ஜெயித்தவர்கள் கிடையாது.

அவருடையது பத்தியச் சமையல். பெரிய அடுப்புகளில் மாஸ்டர் எல்லாருக்கும் ஆக்குவார். மூலையில் இருந்த சின்ன அடுப்புகள் அண்ணியுடையவை. இதயம், சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு உப்பே இல்லாத சாப்பாடு அங்கே வேகும். அந்தத் தட்டுகளுக்கு வெள்ளை மூடி. மற்றதற்கெல்லாம் சாதாரண எவர்சில்வர் மூடி. மூடியை மாற்றி வைப்பதைவிடப் பெரிய குற்றம் அந்தச் சமையலறையில் கிடையாது. வார்டில் நர்ஸ் மூடியைப் பார்த்துத்தான் தட்டைக் கட்டிலுக்குக் கொடுப்பார். திறந்து நக்கியா பார்க்க முடியும்?

ஒரு காலத்தில் மாஸ்டர் மனம் இளகி, கெஞ்சிய ஒரு நோயாளிக்கு ரகசியமாக உப்பு போட்டுக் கொடுத்துவிட்டார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். அந்த மனிதர் குடித்தார். குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நெஞ்சில் ஏறிக்கொண்டது. மூச்சுக்கு அவர் தவித்ததை வார்டு வாசலில் நின்று மாஸ்டரும் பார்த்தார், அண்ணியும் பார்த்தார். மாஸ்டர் அழுதார். அண்ணி அழவில்லை, ஆனால் அதற்கப்புறம் யார் கெஞ்சினாலும் அவர் காது கேட்கவில்லை. நோயாளிகள் என்னிடம்தான் திட்டுவார்கள். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலேன்னு உங்க சமையக்காரம்மாவுக்குத் தெரியாதா?" என்று ஒரு பெரியவர் தட்டைத் தள்ளிவிட்டார். நான் அதை அப்படியே வந்து ஒப்பித்தேன். "தெரியும்னு சொல்லு" என்றார் அண்ணி.

இன்னொரு வழக்கமும் உண்டு. சில நாள் வார்டிலிருந்து போன் வரும். "ஜன்னலோரக் கட்டிலுக்குத் தட்டைத் திறந்துடுங்க" என்பார் நர்ஸ். அவ்வளவுதான். இனி அவருக்குப் பத்தியம் வேண்டாம், கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று பொருள். ஏன் அப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்பதில்லை. பாத்திரம் கழுவுகிறவள்கூடக் குழாயை ஒரு நிமிஷம் மூடுவாள். வெள்ளை மூடி வெளியே போய், எவர்சில்வர் மூடி வரும். அந்தச் சாப்பாட்டையும் அண்ணியே ஆக்குவார், மற்ற எல்லாவற்றையும்விட ருசியாக; உப்பை மட்டும் மாஸ்டர் அளந்து போடுவார். நோயாளிகளுக்கு இந்த வழக்கம் தெரியாது. டாக்டர் மனசு வைத்தாரே என்று சந்தோஷப்பட்டுச் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டுகளை வண்டியில் கொண்டுபோவதுதான் என் வேலையிலேயே எனக்குப் பிடிக்காத வேலை.

எங்கள் வீட்டில் மட்டும் எல்லாருக்கும் இது தெரியும்.

என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல பாதிப் பேரை மேல ஏத்திவிட்டவன் நான்தான், ஒருத்தனும் நன்றி சொன்னதில்ல" என்பது அவர் வழக்கமான ஜோக். வருஷக்கணக்கில் பத்தியம் சமைத்துச் சமைத்து அண்ணியின் கைக்கு உப்பு மறந்துபோயிருந்தது. அதனால் சாப்பாட்டு மேசை நடுவில் எப்போதும் ஒரு உப்பு ஜாடி இருக்கும், அவரவர் போட்டுக்கொள்வோம். அண்ணனுக்கு இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியபோது, அந்த ஜாடி மேசையிலிருந்து காணாமல் போனது. அண்ணியும் அன்றிலிருந்து உப்பில்லாமலே சாப்பிட்டார். நானும் அப்படித்தான் என்று வீட்டில் காட்டிக்கொண்டு, டீக்கடையில் போண்டா தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவேன்.

அண்ணன் ஒவ்வொரு வேளையும் புலம்புவார். புலம்பி முடித்துவிட்டுச் சிரிப்பார். "இந்தா, என்னிக்காவது நீ உப்பு போட்டு எனக்குச் சோறு வெச்சேன்னு வை, நான் பெட்டியைக் கட்டிக்கறேன். தட்டைத் திறந்துட்டாங்கன்னு அர்த்தம்."

"வாயைக் கழுவுங்க" என்பார் அண்ணி.

அப்புறம் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் போய், அவரை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். என் வண்டி போகிற வார்டுதான், கதவோரக் கட்டில். அண்ணி மற்ற நோயாளிகளின் வீட்டாரைப்போலப் பார்வையாளர் நேரத்தில் மட்டும், ஏப்ரனைக் கழற்றிவைத்துவிட்டு வேறு புடவை மாற்றிக்கொண்டுதான் அவரைப் பார்க்க வருவார். மாடிப்படி ஏறினால் புருஷன். ஆனால் சமையல்காரர்கள் வார்டுக்குள் வரக்கூடாது என்று விதி இருக்கிறதே! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அண்ணன் இளைத்துக்கொண்டே போனார், வயிறு மட்டும் வீங்கியது. இரண்டு வாய்க்கு மேல் சாப்பிட மாட்டார். "ஒரே ஒரு கல்லு உப்பு. உன் அண்ணிக்குத் தெரியாம. நான் உன்னைத் தோள்ல தூக்கி வளர்த்தவன்" என்று என் கையைப் பிடிப்பார். மற்றவர்களுக்குக் கொடுக்கிற உப்புப் பொட்டலங்கள் என் வண்டியிலேயே இருந்தன. எத்தனை முறை கை அதில் போய்த் திரும்பியது என்று எனக்குத்தான் தெரியும். அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது. ஒரு நாள் வண்டியில் தட்டுகளை அடுக்கும்போது தலை நிமிராமல் சொன்னார்.

"கேட்கிறாரு, உனக்குக் குடுக்கத் தோணும். எனக்கும்தான் தோணுது. ஆனா தண்ணி நெஞ்சுல ஏறும்போது பக்கத்துல நின்னு பாக்கணும். அதுக்குத் தைரியம் இருந்தா குடு."

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. பொட்டலங்களை வண்டியின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டேன்.

அந்தப் போன் ஒரு காலை நேரத்தில் வந்தது. அண்ணிதான் பக்கத்தில் இருந்தார், எடுத்தார். "எந்தக் கட்டில்?" என்று கேட்டார். எல்லாரும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். "சரிங்க சிஸ்டர்" என்று வைத்தார். திரும்பி வந்து பாதி நறுக்கியிருந்த பூசணித் துண்டைக் கையில் எடுத்தார். நறுக்கவில்லை.

"யாருக்கு அக்கா?" என்றார் மாஸ்டர்.

"எங்க வீட்டுக்காரருக்கு."

குழாயை யாரோ மூடினார்கள். கோபப்படப் பழகிய எனக்கு, யார் மேல் கோபப்படுவது என்று அன்றைக்குத் தெரியவில்லை. டாக்டர் மேலா? போன் செய்த அந்தப் பெண் மேலா? அழுதுகொண்டே தட்டுகளை அடுக்கினேன். மத்தியானம் அண்ணனுடைய தட்டு வந்தபோது பார்த்தேன். அதே வெள்ளை மூடி. ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தேன். உப்பு இல்லை.

அப்போது கோபம் வந்துவிட்டது, நல்ல ஆள் கிடைத்தார்.

"நீங்க மனுஷிதானா அண்ணி? டாக்டரே போடச் சொல்லியாச்சு! இத்தனை நாள் ரூல் ரூல்னு உயிரை எடுத்தீங்க. இன்னிக்கு ரூலை மீறறது நீங்கதான். அவர் என்ன உங்ககிட்ட பொன்னா கேட்டாரு, பொருளா கேட்டாரு?"

மாஸ்டர் என்னைத் தடுக்க வந்தார். அண்ணி அவரைக் கையால் விலக்கிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"உப்பு போட்டா அவருக்குத் தெரிஞ்சிடும்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. பெட்டியைக் கட்டிக்கறேன், பெட்டியைக் கட்டிக்கறேன் என்று வருஷக்கணக்கில் சிரித்துக்கொண்டே சொன்ன மனிதர். முதல் வாயிலேயே அவருக்குச் செய்தி போய்விடும். போடாவிட்டாலோ, கேட்டுக் கேட்டு நாக்குச் செத்தே போவார். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அந்த எறும்பு ஏப்ரன் கட்டிக்கொண்டு என் முன்னால் நின்றது.

"நீயே சொல்லு. எது சரின்னு சொல்லு, செய்யறேன்" என்றார். என் வாழ்க்கையில் அண்ணி என்னிடம் யோசனை கேட்டது அந்த ஒரு தடவைதான். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அண்ணன் மூடியைத் திறந்து ஒரு வாய் வைத்தார். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இந்தத் தடவை புலம்பவுமில்லை, சிரிக்கவுமில்லை. ஒரு வாயோடு நின்றுபோன தட்டைத் திரும்பக் கொண்டுவந்து அண்ணி முன்னால் வைத்தேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து உப்பு ஜாடியை இறக்கினார்.

சாயங்காலம் நான் வார்டில் தட்டுகளைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அண்ணனுடைய தட்டு வண்டியில் இல்லை. திரும்பினால், அண்ணி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருகிறார். பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. உடம்பில் ஏப்ரன், கையில் தட்டு. தட்டின் மேல் வெள்ளை மூடி. வேளை கெட்ட வேளையில் யார் வந்தாலும் எரிந்து விழுகிற நர்ஸ், அண்ணியைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டார். அண்ணன் அதைக் கவனித்தார். நான் அவர் கண்ணைக் கவனித்தேன்.

அண்ணி கட்டிலில் உட்கார்ந்து, கஞ்சியைக் கரண்டியில் எடுத்து அவர் வாயில் வைத்தார். அண்ணன் விழுங்கினார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பார்த்தார். பிறகு அண்ணியின் முகத்தைப் பார்த்தார்.

"உப்பு" என்றார்.

"சத்தம் போடாதீங்க." அண்ணி குனிந்து குரலைத் தாழ்த்தினார். "யாருக்கும் தெரியாம போட்டேன். மாஸ்டர் அந்தப் பக்கம் போனப்ப. வெள்ளை மூடி போட்டுத்தான் கொண்டுவந்திருக்கேன், பாருங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, என் வேலை போயிடும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறார். அதுவும் யாரிடம்? காலியான சாலையில் சிவப்பு விளக்குக்கு நிற்கிற மனைவியை இத்தனை வருஷம் கூட நின்று பார்த்தவரிடம். அண்ணியின் காது மடல் சிவந்துவிட்டது.

அண்ணன் அந்த வெள்ளை மூடியைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு வந்தது.

"நீயா? நீயா திருட்டுத்தனம் பண்ணினே?" என்று என் பக்கம் திரும்பினார். "பாத்தியா உங்க அண்ணியை? கடைசியில திருடியாயிட்டா!"

"மெதுவா பேசுங்கன்னு சொல்றேன்ல."

"சரி சரி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்." வாயைத் திறந்து காட்டினார். அண்ணி ஊட்டினார். "கொஞ்சம் கரிக்குது."

"கை தவறிடுச்சு."

"பரவாயில்ல. பழக்கம் இல்லாத கை."

ஒரு துளி மீதமில்லாமல் குடித்தார். அண்ணி வாயைத் துடைத்துவிட்டார், தட்டை மூடினார், எழுந்து போனார். கதவு வரைக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வண்டியை நகர்த்தப் போனபோது அண்ணன் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"பாவம், அவளுக்குப் பொய் சொல்லவே வரல" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கம் வழிந்தது. "நான் நம்பிட்டேன்னு அவகிட்ட சொல்லிடு."

வீட்டுக்குத் திரும்பும்போது சாலையோரம் வந்து நின்றோம். சிவப்பு. வண்டி ஒன்றும் வரவில்லை. வழக்கமாகக் கடந்து ஓடுகிற நான் அன்றைக்கு அவர் பக்கத்திலேயே நின்றேன்.

"நம்பிட்டாரா?" என்றார் அண்ணி, எதிர்ப்பக்கத்தைப் பார்த்தபடியே.

"நம்பிட்டார் அண்ணி. ரொம்ப சந்தோஷப்பட்டார்."

"அப்படியா" என்றார்.

பச்சை விழுந்தது. நான் சாலையில் இறங்கி நாலு அடி போன பிறகுதான் பார்த்தேன், அண்ணி வரவில்லை. கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தார். மறுபடியும் சிவப்பு விழுந்தது. நான் திரும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.