ஜெப சிநேகிதிக்கு ஒரு மஃப்ளர்

சீட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது ஐயரம்மாவின் வேலை. மற்றவர்கள் எடுத்த சீட்டெல்லாம் நான்காக மடித்திருந்தது. எனக்கு வந்தது மட்டும் சுருட்டியிருந்தது. என் முறை வந்தபோது டப்பாவைச் சாய்த்து வேறு பிடித்தார். எங்கள் சபைப் போதகரின் மனைவி, தங்கமான மனுஷி. ஆனால் நல்லவர்கள் செய்கிற தில்லுமுல்லைக் கண்டுபிடிப்பது கஷ்டம், யாரும் அவர்களைச் சோதனை போடுவதில்லை. சீட்டில் இருந்தது அவள் பெயர், நான் மாதக்கணக்காகப் பேசாமல் இருந்த என் பழைய சிநேகிதி.

லிங்கராஜபுரத்தில் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. டிசம்பர் பிறந்ததும் சீட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ அவள் நமக்கு ஜெப சிநேகிதி. அவளுக்குத் தெரியாமல் மாதம் முழுக்க அவளுக்காக ஜெபிக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, கையால் செய்த பரிசு ஒன்றைக் கொடுத்து 'நான்தான்' என்று வெளிப்பட வேண்டும். கடையில் வாங்கியது செல்லாது.

நானும் அவளும் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் இருந்த ஒரே லைனில் வளர்ந்தவர்கள். கல்யாணமாகி இரண்டு பேரும் பெங்களூரில் அடுத்தடுத்த தெருவுக்கு வந்து சேர்ந்தோம். குழம்பு கூடக் கிண்ணத்தில் போகும், வரும். அந்த வருஷம் ஈஸ்டரிலிருந்து பேச்சு வார்த்தை இல்லை. என் தங்கைக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தோம், நல்ல கம்பெனி வேலை, குடிப்பழக்கம் கிடையாது. வாய் வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் அவளிடம் மட்டும் சொன்னேன். இரண்டே வாரத்தில் பையன் வீட்டார் எங்களுக்குக் கையை விரித்தார்கள். ஈஸ்டர் வருவதற்குள் அதே பையனுக்கும் அவள் தங்கைக்கும் நிச்சயம் ஆனது. கேட்டால், 'அவங்களா வந்து கேட்டாங்க, எனக்கு ஒண்ணும் தெரியாது' என்றாள். சோழியன் குடுமி சும்மா ஆடுமா?

என் அப்பா சுரங்க வாசலில் சோதனை போடுகிறவர். ஷிப்ட் முடிந்து மேலே வருகிறவர்களின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து செருப்பு வரைக்கும் தட்டிப் பார்த்து அனுப்புகிற உத்தியோகம். வீட்டுக்கு வந்தாலும் அவருக்கு அந்தக் கண் மாறாது. எனக்கும் அதே கண்தான், மறைப்பானேன்.

பரிசு கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காவிட்டால் சபை முழுக்க என் பேச்சாகிவிடும். எனக்குத் தெரிந்த கைவேலை குரோஷா ஊசிப் பின்னல் ஒன்றுதான். அதிலும் ஆகச் சுலபமானது எது என்று யோசித்தேன். முனையில்லாத மஃப்ளர், தலை வழியாக மாட்டிக்கொள்கிற வளையம். இப்போது அதற்கு கவுல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கழுத்தைச் சுற்றும் அளவுக்கு ஒரு சங்கிலித் தையல் போட்டு, முனையோடு முனையைக் கோத்துவிட்டு, சுற்றிச் சுற்றி ஒரே தையலைப் போட்டுக்கொண்டே போனால் முடிந்தது. பூவும் கிடையாது, தையல் குறைப்பதும் கிடையாது. அவளுக்கு இது போதும்.

சிவாஜி நகர் கடையில் பண்டிகைக் கூட்டம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருந்தது. "கம்பளி மாரி இருக்கறதெல்லாம் காலி ஆச்சும்மா, குழந்த உல்லன்தான் இருக்கு. சக்கத்தா இருக்கும், தொட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர். வெள்ளை நூல், பூனைக்குட்டி போல மெத்தென்று இருந்தது. இவளுக்கு இது வேறயா என்று வயிறு எரிந்தது. வேறு வழியில்லாமல் வாங்கினேன்.

அளவு எடுப்பது எப்படி? பேசாதவளிடம் கழுத்தைக் காட்டு என்றா கேட்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்து கண்ணாலேயே அளந்தேன். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டிருந்தாள். காலைக் குளிருக்கு என்றால் சரி, ஆராதனை முடிந்து வெயில் சுள்ளென்று அடிக்கும்போதும் எடுக்கவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. நற்கருணை எடுக்க வந்தவர்களோடு நின்றபோது, காற்றில் முந்தானை விலகியது, பதறிப்போய் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நெக்லஸ். மாப்பிள்ளை வீட்டில், பெண்ணின் அக்காவுக்கென்று செய்து போட்டிருக்கிறார்கள். முடித்துக் கொடுத்ததற்குக் கூலி. என் கண்ணில் படக்கூடாதென்று மூடுகிறாள்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "குளிருதுன்னு போத்தியிருப்பாடீ. உனக்கு எதப் பாத்தாலும் திருட்டுத்தானா?" என்று சிரித்தார். ஆம்பிளைகளுக்கு என்ன தெரியும்.

அன்று மத்தியானமே பின்ன உட்கார்ந்தேன். கோபத்தில் போட்ட முதல் சங்கிலி முறுக்கிக்கொண்டது. பார்க்காமல் முனையைக் கோத்து மூன்று சுற்றுப் போன பிறகுதான் தெரிந்தது. முறுக்கு விழுந்த வளையத்தைப் பிறகு நேராக்கவே முடியாது, பிரித்தேன். மறுபடி போட்டபோது, முந்தானைச் சுற்றோடு சேர்த்து அளந்திருந்ததால், வளையம் தொளதொளவென்று வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உயரத்தை மட்டும் வேண்டுமென்றே கூட்டினேன். மோவாயிலிருந்து காறை எலும்பு வரைக்கும். மறைக்கத்தானே பார்க்கிறாய், இந்தா, நன்றாக மறைத்துக்கொள்! ஒவ்வொரு சுற்றுக்கும் அவளை ஒரு வார்த்தை வைதேன். ஜெபமா? ஒரு நாள்கூட, ஒரு வரிகூட அவளுக்காக ஜெபிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை சபை ஹாலில் கேக்கும் கல்கல் பலகாரமும் வைத்து எல்லோரும் கூடினோம். என் முறை வந்ததும் போய் அவள் கையில் பொட்டலத்தைக் கொடுத்தேன். சுற்றிலும் கை தட்டினார்கள், ஐயரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் பிரித்தாள். மஃப்ளரைத் தூக்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மாட்டினாயா என்று எனக்குள் ஒரே சந்தோஷம்.

என் கையைப் பிடித்து ஹாலுக்குப் பின்னால், குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் வார்த்தை.

"யாரு சொன்னாங்க உனக்கு?"

திருடன் என்று பட்டால் அப்பா தேடவே மாட்டார். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று சொல்லிவிட்டுச் சும்மா நிற்பார், அவனே எடுத்து வைப்பான். நானும் அதையே செய்தேன்.

"எனக்கு எல்லாம் தெரியும். எடு, பாக்கறேன்."

அவள் முந்தானையை இறக்கினாள். நெக்லஸ் இல்லை. கழுத்தின் நடுவில், சற்று இடது பக்கமாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி.

"நியூ இயர் முடிஞ்சதும் ஆபரேஷன். வெட்டி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினாத்தான் என்னன்னு தெரியுமாம். பிப்ரவரில தங்கச்சி கல்யாணம். கேன்சரோ கீன்சரோன்னு பேச்சு வந்தா நின்னுடும்டீ. அவருக்கும் எனக்கும் தவிர யாருக்குமே தெரியாது." மஃப்ளரைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "தையல் மேல படாம லூஸா, மெத்துன்னு, முழுசா மூடறாப்ல… ஜெபத்துல ஆண்டவர் உனக்குக் காமிச்சாரா?"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையை ஆட்டினேனா, சும்மா நின்றேனா, இன்றைக்கும் நிச்சயமில்லை. அவள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஆபரேஷனுக்கு நீதான் கூட வரணும். உனக்குத்தான காமிச்சாரு."

அடுத்த இரண்டு வாரமும் சாப்பாடு இறங்கவில்லை. அதற்கு நடுவிலும் புத்தி போகிறதா பாருங்கள்: இவள் நிஜமாகவே நம்புகிறாளா, இல்லை என்னைச் சோதித்துப் பார்க்கிறாளா என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

ஆபரேஷன் அன்று காலை, பச்சைத் துணி போர்த்தி ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தாள். அவள் புருஷன் ஏதோ கையெழுத்துப் போடக் கீழே போயிருந்தார். என் விரலைப் பிடித்துக்கொண்டாள், அவள் கை ஜில்லென்று இருந்தது.

"பயமா இருக்குடீ. மாசம் பூரா எனக்காகப் பண்ணினியே ஜெபம், அத ஒருவாட்டி சத்தமாப் பண்ணு. கேட்டுட்டுப் போறேன்."

கண்ணை மூடினேன். மனப்பாடமாக எத்தனை ஜெபம் தெரியும் எனக்கு, ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "ஆண்டவரே, நான் இவளுக்காக ஒரு நாளும் ஜெபிக்கல. இவ நெக்லஸ ஒளிச்சு வெச்சிருக்கான்னு நெனச்சேன். ஒவ்வொரு சுத்துக்கும் இவள வஞ்சுக்கிட்டேதான் பின்னினேன். நீர் எனக்கு ஒண்ணும் காமிக்கல. நான் பொய் சொன்னேன். மன்னியும்."

கண்ணைத் திறக்கப் பயந்துகொண்டே நின்றேன். அவள் விரலை விடவில்லை.

"ஆமென்" என்றாள். கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ சந்தேகப்பட்டது சரிதான். அவங்களா வரல, நான்தான் ஆள் அனுப்பினேன். உன் தங்கச்சிக்கு வயசு ஜாஸ்தி, மறைக்கறாங்கன்னும் சொல்லச் சொன்னேன்."

"அடிப்பாவி!" என்று கத்தியே விட்டேன். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வார்டுபாய் வந்து ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பித்துவிட்டார். கதவு அவள் பின்னால் மூடிக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். கோபமா பயமா தெரியவில்லை, இரண்டும்தான். அன்றுதான் முதல் முறையாக அவளுக்காக ஜெபித்தேன். ஆண்டவரே, இவளை நல்லபடியாக வெளியே அனுப்பும், எனக்கு இவளோடு சண்டை போட வேண்டும்.