திரும்பிப் பார்க்காத கால்

நான் படி கழுவுகிறவள். சீசா என்கிற பகுதியில் ஆறு கட்டடம். பன்னிரண்டு வருடமாக அதே படிகள். அதில் எழுத ஒன்றுமில்லை. ஐம்பது வயதில் துப்பாக்கியோடு ஓடினேன். அதை எழுதலாம்.

உண்மைத் துப்பாக்கி இல்லை. சின்னப் பிளாஸ்டிக் குண்டு அடிக்கிற விளையாட்டுத் துப்பாக்கி. நான் வீடு துடைக்கப் போகும் வீட்டுக்கார அம்மா, சிஞ்ஞோரா என்று கூப்பிடுவேன், ஞாயிறுகளில் இதால் ஓடி ஓடிச் சுடும் போட்டிக்குப் போவார். மருந்துக்கடை வைத்திருக்கிறார், என் வயதுதான். கடதாசி இலக்குகளில் விழும் ஓட்டைகளை ஒட்ட ஆள் தேவை என்று ஒருநாள் கூட்டிப்போனார். ஒட்டினேன். "நீயும் அடித்துப் பார்" என்றார். அடித்தேன். எல்லாம் நடுவில்.

தரையில் மூன்று பெட்டி கீறியிருக்கும். ஒரு பெட்டிக்குள் நின்று சுட வேண்டும், அடுத்ததற்கு ஓட வேண்டும், நின்று சுட வேண்டும். முதல் சத்தத்திலிருந்து கடைசிக் குண்டு வரை டைமர் எண்ணும்.

அவர்கள் குழுவில் ஒருவர் மிலானுக்குப் போய்விட்டார். என்னைச் சேர்க்க சிஞ்ஞோராவுக்கு ஆசை. மற்ற இருவரும், முதலில் இவள் இருபது செக்கனுக்குள் முடிக்கட்டும், பார்ப்போம் என்றார்கள். இரண்டு கிழமை தந்தார்கள். நான் இருபத்துநான்கில் நின்றேன்.

எனக்கு அந்த இடம் வேண்டும். ஒருவருக்கும் சொல்லவில்லை.

நான் ஓடியதை சிஞ்ஞோரா போனில் எடுத்துக் காட்டினார்.

"கை நல்லது. கால்தான் பிழை. சுட்டு முடித்த பிறகும் ஏன் நின்று பார்க்கிறாய்? போகும்போதும் திரும்பிப் பார்க்கிறாய்."

பார்த்தேன். உண்மை. ஒவ்வொரு பெட்டியிலும் சுட்டுவிட்டு, நிமிர்ந்து, என்ன செய்தேன் என்று ஒருமுறை பார்க்கிறேன். பிறகு சின்னச் சின்ன அடி வைத்துப் போகிறேன், தரை ஈரம் போல.

படிக்காரியின் நடை. ஒரு மாடி கழுவினால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவேன். ஒரு கறை இருந்தாலும் கட்டடத்தைப் பார்க்கிற ஆளிடமிருந்து போன் வரும்.

வீட்டில் பழகினேன். நடைவழியில் பெட்டிக்கு ஒன்றாக மூன்று செருப்பு வைத்தேன். துப்பாக்கிக்குப் பதில் தேங்காய் துருவும் கருவியின் பிடி. என் மனிசன் ரெஸ்டோரன்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். கதிரையில் இருந்து கரண்டியால் தட்டத்தில் தட்டினார். அதுதான் டைமர்.

"இஞ்சாரும், திரும்பவும் பாக்கிறீர்."

"இல்லை."

"ஓம். கழுத்து திரும்பினது. கறை ஏதும் கிடக்கோ?"

"நீங்கள் தட்டத்தைத் தட்டுங்கோ."

கீழ்வீட்டுக்காரர் சத்தம் பொறுக்காமல், கூட்டுகிற தும்புத்தடியால் தன் கூரையை இடித்தார். காலில் போட்டிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினேன். நாலு நாள் போனது. கழுத்து கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மனிசன் குளியலறைக்குள் போய் வாளி நிறையத் தண்ணீர் கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

"இதைத் தூக்கிக்கொண்டு ஓடும்."

"உங்களுக்கு விசரோ?"

"நிறை வாளியோடை படி ஏறேக்கை நீர் ஒரு சொட்டுச் சிந்தமாட்டீர். அப்ப திரும்பிப் பாக்கிறனீரோ?"

இல்லை. பார்த்தால் சிந்தும்.

தூக்கினேன். முழங்கால் தானாக மடிந்தது. குதி முதலில், பிறகு விரல். தலை ஆடவில்லை. கண் அடுத்த செருப்பில் இருந்தது. நிற்பதற்கு ஓரடி முன்னமே கால் மெதுவானது, தண்ணீர் அலம்பவில்லை. பன்னிரண்டு வருடமாக எனக்குத் தெரிந்த நடைதான். வெறுங்கையோடு நடக்கும்போது அதை விட்டுவிட்டிருக்கிறேன்.

"இப்ப கொஞ்சம் கெதியா."

கெதியாகப் போனேன். கடைசிச் செருப்பில் அரைவாளி அவர் மடியில் போனது. கதிரையோடு விழுந்து சிரித்தார். எனக்கும் நிற்கவில்லை. கீழ்வீட்டுக்காரர் இடித்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிறு குழுவில் உள்ள மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டைமர் கத்தியது. முதல் பெட்டி. சுட்டேன். கையில் வாளி இருக்கிறது என்று நினைத்தேன். துப்பாக்கி முன்னால், விரல் விசைக்கு வெளியே, முழங்கால் மடித்தபடி போனேன். இரண்டாம் பெட்டி. கழுத்து திரும்ப முயன்றது. சிந்தும் என்றேன். திரும்பவில்லை. மூன்றாம் பெட்டிக்குள் கால் வைக்கும்போதே துப்பாக்கி கண்ணுக்கு நேரே இருந்தது.

கடைசிக் குண்டு போனது. டைமர் நின்றது. அப்போது திரும்பி மூன்று இலக்கையும் ஆறுதலாகப் பார்த்தேன். ஓட்டை எல்லாம் நடுவில்.

சிஞ்ஞோரா டைமரை என் முகத்துக்கு நேரே பிடித்தார். பத்தொன்பது சொச்சம். கட்டிப்பிடித்துத் தூக்கினார். மற்ற இருவரும் கை தந்தார்கள். குழுவின் சட்டை ஒன்று தந்தார்கள், எனக்குப் பெரிது. பஸ்ஸில் அதைப் போட்டுக்கொண்டே வந்தேன்.

கதவைத் திறந்த மனிசன் சட்டையைப் பார்த்தார்.

"எத்தினை?"

"பத்தொன்பது."

"வாளி இல்லாமலோ?"

"வாளியோடைதான்."

திங்கள் காலை முதல் கட்டடம் முடித்தேன். கெதியாக முடிந்தது. அடுத்த கட்டடத்து வாசலில் போன் வந்தது. கட்டடத்தைப் பார்க்கிற ஆள். படியில் கறையோ என்று கேட்டேன். கறை இல்லை, படி பளபளக்கிறது என்றார். என் வாளியும் தும்புத்தடியும் கடைசியாகக் கழுவிய நாலாம் மாடியில் நிற்கின்றனவாம்.

திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன்.